கரண்டி உன் கையில் இருக்கட்டும்

திண்டுக்கல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் முழுவதையும் கேட்டேன். சனி, ஞாயிறுகளில் நடக்கும் சமையல் வகுப்பில் சேர ஆசைப்படுகிறாய். கட்டணத்தைச் சொன்னதும் உங்க அப்பா, "சோறாக்கக் கத்துக்க யாராவது காசு கட்டுவாங்களா? உங்க அம்மா பக்கத்துல நின்னு பாரு, தானா வந்துரும்" என்றிருக்கிறார். உன் தம்பி செல்போனை நீட்டி, எல்லாம் இதிலேயே இருக்கிறது என்கிறான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மா என்ன நினைக்கிறீங்க என்று கேட்டாய். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சேர்ந்துகொள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்த வகுப்பில் சேருவது, சேர்ந்த பிறகு அங்கே எதைக் கேட்டு வாங்குவது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

முதலில் உங்க அப்பாவின் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அது நியாயமான கேள்வி. மில் சம்பளத்தில் நீ சேர்த்து வைத்த பணம் அது. வீட்டில் நன்றாகச் சமைக்கிற அம்மா இருக்கும்போது வெளியே போய் ஏன் படிக்க வேண்டும்? காரணம் இதுதான்: வீட்டு அடுப்பில் நீ எதையும் கெடுக்க முடியாது. ராத்திரி எட்டு மணிக்கு நான்கு பேர் சாப்பிட உட்கார வேண்டும். குழம்பு அடிப்பிடிக்கப் போகிறது என்று தெரிந்த நொடியிலேயே அம்மா கரண்டியை உன் கையிலிருந்து வாங்கிவிடுவாள். அவள் வாங்காமல் இருந்தால்தான் தப்பு. ஆனால் அந்த நொடியில்தானே பாடம் இருக்கிறது? அடிப்பிடிக்கிற வாசனை எப்போது கிளம்புகிறது, எவ்வளவு நேரத்துக்குள் இறக்கினால் காப்பாற்றலாம், எதற்கு மேல் காப்பாற்ற முடியாது என்பதெல்லாம் ஒருமுறை கெடுத்துப் பார்த்தால்தான் கைக்குத் தெரியும். நல்ல சமையல் வகுப்பு என்பது நீ கெடுப்பதற்கு இடம் கொடுக்கிற அடுப்பு. பக்கத்தில் ஒரு அனுபவசாலி நின்று, கெட்டுப்போவதைப் பார்த்தபடி, ஏன் கெட்டது என்று சொல்ல வேண்டும். நீ கட்டுகிற பணத்தில் பெரும்பகுதி இதற்குத்தான். குறிப்புகளுக்கு யாரும் காசு கொடுக்க வேண்டாம். தம்பி சொல்வதுபோல அவை செல்போனிலேயே கொட்டிக் கிடக்கின்றன.

அந்த வீடியோக்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் பார்க்கிறேன். ஆனால் வெங்காயம் வதங்கும் நேரத்தை அவர்கள் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். வெள்ளையாகப் போட்ட வெங்காயம் அடுத்த காட்சியில் பொன்னிறமாக நிற்கும். நடுவில் நடந்ததுதான் சமையல். வெங்காயத்தில் உள்ள தண்ணீர் போகும்வரை சட்டியின் சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும், அதுவரை எவ்வளவு கிளறினாலும் நிறம் வராது. தண்ணீர் வற்றியதும் சத்தம் மாறும். சளசளவென்று இருந்தது அடங்கி, எண்ணெய் தனியே பிரிந்து ஓரத்தில் தெரியும். அங்கிருந்து கருகுவதற்கு அதிக நேரம் இல்லை. இந்தச் சத்த மாற்றத்தை ஒருத்தர் உன் பக்கத்தில் நின்று "இப்பக் கேளு" என்று சொல்லிக் காட்ட வேண்டும். ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு மறக்காது.

இப்போது வகுப்பைத் தேர்ந்தெடுப்பது பற்றி. பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வகுப்பு நடக்கும்போது போய் உட்கார்ந்து பார்க்கக் கேள். அனுமதிக்காத இடத்தை விட்டுவிடு. உள்ளே போனதும் பண்டத்தைப் பார்க்காதே, கைகளைப் பார். ஆசிரியர் முன்னால் நின்று தாமே தாளித்து, தாமே கிளறி, தாமே இறக்க, எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் முப்பது பேர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தால் அது செய்முறை விளக்கம். கடைசியில் ஆளுக்கு ஒரு கரண்டி ருசி பார்க்கக் கொடுப்பார்கள், பத்திரமாக வீட்டுக்கு வந்துவிடலாம், கைக்கு ஒன்றும் வந்திருக்காது. ஒரு அடுப்புக்கு இரண்டு பேர் என்றால் நல்லது. நான்கு பேர் என்றால் ஒருத்தி நறுக்குவாள், ஒருத்தி அரைப்பாள், தைரியசாலி ஒருத்தி கிளறுவாள், நான்காவது ஆள் வேடிக்கை பார்ப்பாள். நீ எப்போதும் அந்த நான்காவது ஆளாகிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். ஆகவே இதைக் கேள்: ஒரு பண்டத்தை நறுக்குவதிலிருந்து இறக்குவதுவரை ஒவ்வொருவரும் தனியாகச் செய்ய விடுவீர்களா?

மேசையில் தராசு இருக்கிறதா என்று பார். பாத்திரம் கழுவுகிற வேலை யாருக்கு என்று கேள். மாணவர்களையே கழுவ வைக்கிற இடம்தான் நல்ல இடம். அடிப்பிடித்த அண்டாவைத் தேய்த்தவளுக்குத்தான் தீயைக் குறைக்க ஞாபகம் வரும். ஒரே நாளில் 20 வகை பிரியாணி, 15 வகை சூப் என்று நோட்டீஸ் அடித்திருந்தால் அந்தப் பக்கமே போகாதே. ஒரு நாளில் ஒரு மனுஷியால் உருப்படியாகச் செய்யக்கூடியது இரண்டு பண்டம். சான்றிதழைப் பெரிதாகக் காட்டுகிற இடத்திலும் எனக்கு நம்பிக்கை குறைவு. நாளைக்கு உன் சோற்றைச் சாப்பிடுகிறவர் சான்றிதழைக் கேட்கப் போவதில்லை.

சமையலுக்குப் பள்ளிக்கூடமா என்று உங்க அப்பா ஆச்சரியப்பட்டால் ஒன்று சொல். பாரிஸில் மார்த் திஸ்தெல் என்ற பெண்மணி 1895-இல் ஒரு சமையல் பத்திரிகை தொடங்கி, அதன் வாசகர்களுக்காக மறு ஆண்டே வகுப்பும் தொடங்கினார். இன்று உலகமெங்கும் கிளை விட்டிருக்கும் கோர்தோன் ப்ளூ பள்ளி அப்படிப் பிறந்ததுதான். அமெரிக்காவின் பெயர் பெற்ற சமையல் கல்லூரி 1946-இல் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்குப் பிழைக்க வழி காட்டத் தொடங்கப்பட்டது. சென்னை தரமணியில் இருக்கும் மத்திய அரசின் ஓட்டல் நிர்வாகக் கல்லூரி 1963-இல் தொடங்கப்பட்டது. இங்கே நம் வீடுகளில் எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் 'சமைத்துப் பார்' எழுதி அளவும் முறையும் அச்சில் ஏற்றிக் கொடுத்தார். அதை வைத்துக் கைபழகிய பெண்கள் எத்தனையோ பேர். சமையல் சொல்லிக்கொடுத்தால் வரும் என்பதை உலகம் ஒப்புக்கொண்டு வெகுகாலம் ஆகிறது.

நம் ஊருக்கு வருகிறேன். திண்டுக்கல்லில் சமையல் படித்துவிட்டுப் பிரியாணி தெரியாது என்று சொன்னால் யாரும் மன்னிக்க மாட்டார்கள். 1957-இல் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டலைத் தொடங்கினார். அவர் எப்போதும் தலைப்பாகையோடு இருந்ததால் கடைக்கே தலப்பாக்கட்டி என்று பெயர் வந்தது. அதற்குப் பிறகு இந்த ஊரில் எத்தனை கடைகள்! வெளியூர்க்காரர்களுக்குத் திண்டுக்கல் என்றால் முன்னே பூட்டு, இப்போது பிரியாணி. நீ வகுப்பில் கேட்டு வாங்க வேண்டிய முதல் பாடம் இதுவாக இருக்கட்டும். ஊர்ப்பெருமைக்காகச் சொல்லவில்லை. சீரகச் சம்பாவில் பிரியாணி செய்யக் கற்றவளுக்குத் தீ, தண்ணீர், நேரம் மூன்றும் ஒரே பாத்திரத்தில் வசப்பட்டுவிடும்.

பாசுமதியை வேகவைத்து வடித்து அடுக்கிவிடலாம். சீரகச் சம்பா அப்படி இல்லை. பொடி அரிசி, கறியின் சாற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால்தான் அதற்கு அந்த ருசி. ஆனால் கொஞ்சம் அதிகம் ஊறினால் உடையும், வேகமாகக் கழுவினால் உடையும், வெந்த பிறகு நடுவில் கரண்டியைக் குத்தினால் குழையும். அரிசி பழையதா புதியதா என்பதைப் பொறுத்துத் தண்ணீர் மாறும். புது அரிசி குறைவாகக் குடிக்கும், பழைய அரிசி கூடுதலாகக் கேட்கும். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு என்று எழுதி வைத்திருப்பதெல்லாம் தொடங்குவதற்கு ஒரு கணக்கு. மூட்டை மாறினால் கணக்கும் மாறும். அதனால் வகுப்பில் இரண்டு வகை அரிசியில் செய்து காட்டச் சொல்.

கறியை இந்த ஊரில் சின்னத் துண்டாகப் போடுவார்கள். வெள்ளாட்டுக் கறி வேகிற நேரமும் அரிசி வேகிற நேரமும் ஒன்றில்லை என்பதால் மசாலாவில் கறி முக்கால் வேக்காடு வந்த பிறகுதான் அரிசி. அந்த முக்கால் வேக்காட்டை எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு துண்டை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே அமுக்கினால் இடம் கொடுக்க வேண்டும், நார் நாராகப் பிரியக் கூடாது. இதை எந்தக் குறிப்பாலும் சொல்ல முடியாது. ஆசிரியர் ஒரு துண்டை அமுக்கிவிட்டு அதையே உன் விரலில் தர வேண்டும். தயிரை எப்போது விடுவது, எலுமிச்சையை எப்போது பிழிவது, உப்பை எங்கே நிறுத்திக்கொண்டு ருசி பார்ப்பது எல்லாம் அப்படித்தான். கொதிக்கிற தண்ணீர் அரிசி போடுவதற்கு முன்னால் நாக்குக்குச் சற்று உப்புக் கரிக்க வேண்டும், அரிசி உள்ளே போனதும் சமமாகிவிடும். பழகாதவர்கள் அங்கே பயந்து உப்பைக் குறைத்துவிடுவார்கள்.

பிறகு, பிரியாணி மாஸ்டர்கள் எல்லோரும் சொல்கிற அந்தக் கட்டம்: அரிசியும் தண்ணியும் சமமா வரும்போது தம் போடு. கேட்பதற்கு எளிது. நேரில் பார்த்தால், மேலே நீர் தெரிந்துகொண்டிருந்த அரிசி மெல்லத் தலைகாட்டும், இங்கும் அங்கும் சின்னக் குமிழி வெடித்துக் குழி விழும். அந்தக் குழிகளில் தண்ணீர் நிற்கும்போது மூடினால் சரி. குழி காய்ந்த பிறகு மூடினால் மேல் அரிசி விறைத்துப்போகும். சீக்கிரமே மூடினால் அடி குழையும். இடைவெளி ஒன்றிரண்டு நிமிஷம். மூடிய பிறகு அடித்தீயை இழுத்துவிட்டு மூடியின் மேல் கங்கு அள்ளிப் போடுகிறார்களே, அது மேலிருந்தும் சூடு கொடுத்து ஆவி மூடியில் குளிர்ந்து சொட்டாமல் காக்கிறது. தம் உடைக்கும்போது ஓரத்திலிருந்து தட்டைக் கரண்டியை இறக்கி, கீழிருந்து மேலாக எடுக்க வேண்டும். இந்த ஒரு பண்டத்தை நீ வகுப்பில் ஒருமுறை செய்துவிட்டு அடுத்த வாரம் வேறு பண்டத்துக்குப் போகச் சொன்னால் சம்மதிக்காதே. திரும்ப இதையே செய்ய விடுங்கள் என்று கேள். புதிதாகப் பத்து கற்பதைவிட ஒன்றையே மூன்று நான்கு வாரம் செய்து, ஒவ்வொரு தடவையும் என்ன மாறியது என்று எழுதி வைப்பது உனக்கு ஆயுசுக்கும் உதவும்.

அடுத்தது, பெரிய பாத்திரம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ரெட்டியார்சத்திரம் பக்கத்துப் பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளராக இருந்த காலத்தில் கண்ணால் பார்த்தது இது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, நடுநிலைப் பள்ளி வகுப்புகளுக்கு 150 கிராம் என்பது கணக்கு. 200 சின்னப் பிள்ளைகள் என்றால் 20 கிலோ. வீட்டில் அரைக் கிலோ அரிசிக்குத் தெரிந்த அளவை நாற்பதால் பெருக்கி அண்டாவில் ஊற்றினால் கூழாகிவிடும். நீ கணக்குப் படித்தவள், ஏன் என்று உடனே புரிந்துகொள்வாய். பாத்திரத்தின் அகலத்தையும் உயரத்தையும் இரண்டு மடங்காக்கினால் உள்ளே பிடிப்பது எட்டு மடங்கு, ஆனால் ஆவி போகிற வாய் நான்கு மடங்குதான். அளவு கூடக் கூடத் தண்ணீர் ஆவியாகும் விகிதம் குறைகிறது, ஆகவே ஊற்றும் தண்ணீரும் விகிதத்தில் குறைய வேண்டும். வெங்காயத்தில் வேறு தொல்லை. ஐந்து கிலோ வெங்காயத்தை ஒரே தடவையில் கொட்டினால் அதன் தண்ணீரே சட்டியின் சூட்டை இறக்கிவிடும், வதங்காமல் அவிந்துகொண்டிருக்கும். கிராம்பு, அன்னாசிப்பூ, கல்பாசி போன்றவற்றை அப்படியே பெருக்கினால் கசப்புத் தட்டும். அடுப்பை அணைத்த பிறகும் அண்டா தன் சூட்டிலேயே வெகுநேரம் வேகவைத்துக்கொண்டிருக்கும், அதனால் சற்று முன்னதாகவே இறக்க வேண்டும்.

இதையெல்லாம் எங்கள் மையத்துச் சமையலரம்மா எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. தமக்கு முன்னிருந்தவரின் பக்கத்தில் நின்று கற்றார். தேக்சா தூக்குவதும் கங்கு அள்ளுவதும் ஆம்பிளை வேலை என்று வகுப்பில் யாராவது உன்னை ஒதுக்கினால் அவரைத்தான் நினைத்துக்கொள். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இன்று 40,000-க்கும் மேற்பட்ட மையங்களில் நடக்கிறது; அந்த அடுப்புகளுக்கு முன்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்துக்கும் கிராமங்களில் சுய உதவிக் குழுப் பெண்களே சமைக்கிறார்கள். இந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவு பெரிய அளவில் பொங்கிப் போடுகிற பெண்களுக்கு ஓட்டல் சமையலறையில் ஏன் இன்னும் இடம் குறைவாக இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. நீ தொடங்க நினைக்கிற கேட்டரிங் தொழிலுக்கு ஐம்பது பேர் அளவு கட்டாயம் தெரிய வேண்டும். வகுப்பில் ஒரு நாளாவது பெரிய பாத்திரத்தில் செய்ய வைப்பார்களா என்பதைச் சேருவதற்கு முன்பே கேட்டுவிடு.

சந்தையும் வகுப்புதான், அதுவும் கட்டணம் இல்லாதது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய் போகிறது. நம் ஊர்க் காந்தி மார்க்கெட்டில் விடிகாலையில் போய் நின்றாலே முருங்கைக்காயின் முற்றலும் இளசும் கைக்குத் தெரிந்துவிடும். வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கு மாமாவோடு ஒருமுறை போய்வா. கறியைத் துண்டாகப் பார்த்தே பழகியவளுக்கு ஆட்டை உயிரோடு பார்த்து எடை மதிப்பிடுகிற வியாபாரிகளின் கண் பெரிய பாடம். சின்ன வெங்காயம் ஒரு கிலோ வாங்கி உரித்து, உரித்த பிறகு நிறுத்துப் பார். கறியைப் பச்சையாக ஒருமுறை, வெந்ததும் ஒருமுறை நிறு. எவ்வளவு கழிந்தது என்று தேதியோடு எழுதி வை. மில்லில் நீ பஞ்சுக்கும் நூலுக்கும் கழிவுக் கணக்குப் பார்க்கிறாயே, அதே கண் இங்கேயும் வேண்டும். தட்டுக்கு எவ்வளவு அடக்க விலை என்பது அந்த நோட்டிலிருந்துதான் வரும்.

சுத்தத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். அடுத்தவர் பிள்ளைக்குச் சோறு போட்டவள் என்பதால் இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனம் வராது. சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் மணிக்கணக்காகக் கிடந்தால் கிருமி பெருகும். சோற்றில் இருக்கிற ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதிக்கவைத்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்து நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. மத்தியானத்துப் பிரியாணியை மூடி வைத்து ராத்திரிக்குச் சூடு பண்ணிக் கொடுப்பதில் உள்ள ஆபத்து இதுதான். சூடாகவே வைத்திரு, இல்லையென்றால் அகலத் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வை. பொரித்த எண்ணெய்க்கும் 2018 ஜூலை முதல் சட்டத்தில் வரம்பு இருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் சேரும் கெட்ட சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது. வீட்டிலிருந்து சமைத்து விற்றாலும் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். வகுப்பில் இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குகிறார்களா என்று பார். உணவு கெடாமல் இருப்பதற்கு உதாரணமாகப் பழனிப் பஞ்சாமிர்தத்தை எடுத்துக்கொள். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்ப்பதில்லை, சர்க்கரையும் தேனும் இருக்கிற ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, அதனால்தான் பாதுகாக்கும் மருந்து எதுவும் இல்லாமல் தாங்குகிறது. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பிரசாதத்துக்குள் ஒரு முழு வகுப்புக்கான பாடம் இருக்கிறது.

வகுப்பில் உன்னோடு சேருகிறவர்களையும் கவனி. நாகல் நகர் சௌராஷ்டிர வீட்டுப் பெண் புளியோதரைக்கு எப்படி வறுக்கிறாள், பேகம்பூர் அக்கா நோன்புக் கஞ்சிக்கு எதை முதலில் போடுகிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொள். ஒருவர் வீட்டு அடுப்படிக்குள் இன்னொருவர் போகாத தெருக்கள் நம் பக்கம் இன்னும் இருக்கின்றன. வகுப்பு மேசையில் எல்லோரும் ஒரே பாத்திரத்தில் ருசி பார்க்கிறீர்கள். அது சின்ன விஷயமில்லை பாப்பா.

பணம்தான் இடைஞ்சல் என்றால் வேறு வழியும் இருக்கிறது. கனரா வங்கியின் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையம் திண்டுக்கல்லில் இருக்கிறது. 1982-இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தலத்துக்காரர்கள் வங்கிகளோடு சேர்ந்து தொடங்கிய முயற்சியைப் பார்த்துப் பிறகு மாவட்டந்தோறும் வந்த மையங்களில் ஒன்று. வேலையில்லாத கிராமத்து இளைஞர்களுக்குச் சாப்பாடு போட்டு இலவசமாகவே பயிற்சி தருகிறார்கள்; சமையல் சார்ந்த பயிற்சி எப்போது வருகிறது என்று விசாரிக்க வேண்டும். நீ வேலைக்குப் போவதால் உனக்கு நாள் ஒத்துவராது. ஆனால் உன் சித்தி மகள் வீட்டில்தானே இருக்கிறாள், அவளிடம் சொல். முழுநேரமாகப் படிக்க ஆசை வந்தால் தரமணியிலேயே ஒன்றரை ஆண்டு உணவுத் தயாரிப்புப் படிப்பு இருக்கிறது. திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் கல்லூரி இருக்கிறது. உணவின் சத்தும் அறிவியலும் படிக்க வேண்டுமென்றால் சின்னாளபட்டி பக்கத்தில் காந்திகிராமத்திலேயே மனையியல் இருக்கிறது. இவையெல்லாம் பிறகு. முதலில் இந்த வார இறுதி வகுப்பில் உன் கை என்ன சொல்கிறது என்று பார்.

உங்க அம்மா ஏன் பேசாமல் இருந்தாள் என்று யோசித்தாயா? இத்தனை வருஷம் தினமும் பொங்கிப் போட்டவளின் முன்னால், சமையல் கற்க வெளியே போகிறேன் என்கிறாய். அவளுக்கு உன்மேல் கோபம் இருக்காது, ஆனால் மனசில் ஏதோ ஒன்று சுருங்கியிருக்கும். அதைச் சரிசெய்வது உன் பொறுப்பு. வகுப்புக்கு ஒரு சின்னத் தராசு வாங்கத்தான் போகிறாய். அதை முதலில் அம்மாவின் அடுப்படியில் வை. அவள் கைப்பிடி உப்பு எத்தனை கிராம், அவள் கிள்ளிப் போடுகிற பெருங்காயம் எவ்வளவு, குழம்புக்குக் கரைக்கிற புளி எவ்வளவு என்று நிறுத்து எழுது. கண்ணளவில் போடுகிறேன் என்பாள். அந்தக் கண்ணளவு ஒவ்வொரு நாளும் ஒரே எடையில் நிற்பதை நீங்கள் இருவரும் பார்ப்பீர்கள். வகுப்பில் ஏன், எப்படி என்று கற்றுக்கொண்டு வந்து, அவளிடம் என்ன, எவ்வளவு என்று கேள். அவளுடைய கருவாட்டுக் குழம்பை இந்த மாவட்டத்தில் எந்த மாஸ்டரும் சொல்லித்தர முடியாது.

முதல் நாளுக்குப் பருத்திச் சுடிதார் போட்டுக்கொள், நைலான் துப்பட்டா வேண்டாம், தீ பிடித்தால் உடம்போடு ஒட்டும். முன்பக்கம் மூடிய செருப்பு போடு. வளையலைக் கழற்றி வீட்டில் வை. அரிவாள்மனையில் பழகிய கை உனக்கு. அங்கே நின்றுகொண்டு கத்தியில் நறுக்கச் சொல்வார்கள். முதல் இரண்டு வாரம் மெதுவாக வரும், வெட்கப்படாதே. விரல் நுனியை உள்ளே மடக்கிப் பிடிக்கச் சொல்லித் தருவார்கள், அதை மட்டும் முதல் நாளே பழக்கமாக்கிக்கொள். பணத்தை மொத்தமாகக் கட்டாதே, இரண்டு தவணையாகக் கேள், ரசீது வாங்கு. இரண்டாவது தவணைக்குள் உன் கையில் கரண்டி வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு எனக்குப் போன் பண்ணு, வேறு இடம் பார்ப்போம்.

அப்பாவிடம் நான் பேசுகிறேன். வெள்ளிக்கிழமை அவர் இந்தப் பக்கம் வரும்போது சொல்கிறேன். நீ அதற்கு முன்னால் அவரோடு மல்லுக்கு நிற்காதே.

அன்புடன்,
பெரியம்மா